குதிரைப் பாதையில் உடன் வரும் நாய்: தேர்வும் பழக்கமும்

நாயுடன் நடந்து செல்பவரின் கையில் வார் இருக்கிறது. நாய் எதையாவது துரத்த முனைந்தால் இழுத்து நிறுத்தலாம். தேவைப்பட்டால் குனிந்து கழுத்துப்பட்டையைப் பற்றலாம். குதிரையின் மேல் அமர்ந்திருப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. அவர் கைகள் கடிவாளத்தில் இருக்கின்றன, நாயோ குளம்புகளுக்கு அருகில் ஓடுகிறது, இறங்கிப் போய்ப் பிடிப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடும். அவருக்கு மிஞ்சுவது குரல் ஒன்றுதான். ஆகவே எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது, எதை முதலில் பழக்குவது, எப்போது வீட்டிலேயே விட்டுச் செல்வது ஆகிய கேள்விகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: அந்த நாய், உயரத்திலிருந்து வரும் குரலுக்கு, கைச்சைகை இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்படுமா என்பதே அது.

இக்கட்டுரை, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஓரளவு சவாரி கற்றுக்கொண்டு, காட்டுப் பாதைகளில் குதிரையுடன் நாயையும் அழைத்துச் செல்ல விரும்பும் புதியவர்களை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. சவாரியே புதிதென்றால் நாயைப் பற்றிய எண்ணத்தைத் தள்ளி வைப்பது நல்லது. குதிரை மிரண்டால் இருக்கையில் நிலைத்திருக்கத் தெரிந்தவர்தான் இன்னொரு விலங்கின் பொறுப்பையும் ஏற்க முடியும்.

முதலில் பாதை, பிறகு நாய்

நாயை வாங்குவதற்கு முன்பே, வழக்கமாகச் சவாரி செய்யப்போகும் பாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட வேண்டும். குதிரை போகும் இடமெல்லாம் நாயும் போகலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தேசியப் பூங்காக்களில் நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. யோசெமிட்டியில் குதிரைகள் செல்லும் மலைப்பாதைகள் பலவற்றில் நாய்க்கு இடமில்லை. தளமிட்ட சில பாதைகளும் முகாம் இடங்களுமே அதற்கு விடப்பட்டுள்ளன. யெல்லோஸ்டோனில் நடைபாதைகளிலும் உட்பகுதிக் காடுகளிலும் நாய்க்கு முழுத் தடை. கிராண்ட் கேன்யனின் விளிம்புப் பாதையில் வாருடன் நாயை அழைத்து நடக்கலாம், விளிம்புக்குக் கீழே இறக்க முடியாது.

ஆகவே நாயுடன் சவாரி செய்பவர்களின் இயல்பான களம் தேசிய வனங்களும், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் (BLM) பொது நிலங்களுமே. தேசிய வனங்களின் முகாம்கள், வாகன நிறுத்தங்கள் போன்ற இடங்களில் நாய் 6 அடிக்கு மிகாத வாரில் இருக்க வேண்டும். அவற்றைத் தாண்டிய பாதைகளில் பல இடங்களில் வார் கட்டாயமில்லை, ஆனால் நாய் கட்டுப்பாட்டில் இருந்தாக வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. கொலராடோவின் இந்தியன் பீக்ஸ் வனாந்தரப் பகுதியில் நாயைக் கையில் பிடித்த வாரிலேயே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. சேணத்தின் மேலிருந்து நாயை வாரில் பிடித்துச் செல்வது ஆபத்தானது என்பதைப் பின்னர் பார்ப்போம்; எனவே இத்தகைய பகுதிக்குப் போகும் நாளில் நாய் வீட்டில் இருப்பதே முறை. புறப்படும் முன் அந்தந்த வனச்சரக அலுவலகத்திடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.

மேய்ச்சலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடைக்காலத்தில் தேசிய வனங்களின் பல பகுதிகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. கால்நடையைத் துரத்தும் நாயைச் சுட்டுக் கொல்ல அவற்றின் உரிமையாளருக்குப் பல மாநிலங்களில் சட்டமே இடம் தருகிறது. ஆட்டு மந்தைகளுடன் கிரேட் பிரனீஸ், அக்பாஷ் போன்ற பெரிய காவல் நாய்கள் இருக்கும். அவை அயல் நாயை ஓநாயைப் போலவே எதிர்கொள்ளும். மந்தை இருக்கும் பள்ளத்தாக்கை ஒதுக்கிவிட்டு வேறு பாதையைத் தேர்வதே அறிவுடைமை.

எத்தகைய நாய்

உடல் பற்றிய தேவைகள் எளியவை. நடுத்தர உருவம், 15 முதல் 30 கிலோ வரை எடை, நீண்ட கால்கள், திறந்த மூக்கு, ஒட்டிய வயிறு ஆகியவை இருந்தால் போதும். குதிரையின் சாதாரண நடை மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். டிராட் எனப்படும் பெருநடை 13 கிலோமீட்டர். கேன்டர் எனப்படும் மென்பாய்ச்சல் 20 கிலோமீட்டர் அளவில் செல்லும். நடையையும் இடையிடையே டிராட்டையும் நல்ல உடல்நிலை உள்ள நடுத்தர நாய் தாங்கும். நெடுநேரக் கேன்டரை எந்த நாயிடமும் எதிர்பார்க்கக் கூடாது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களால் மூச்சிரைத்து உடலை நன்கு குளிர்விக்க இயலாது. கோர்கியின் கால்கள் குட்டை. மாஸ்டிஃப் போன்ற பேருடல் நாய்களின் மூட்டுகள் மலைச்சரிவில் நெடுந்தொலைவு இறங்குவதற்கு ஏற்றவையல்ல.

இயல்பைப் பற்றிய தேர்வுதான் கடினம். அமெரிக்கப் பண்ணைகளில் குதிரையுடன் மிகுதியாகக் காணப்படுபவை, மந்தையை வளைத்து ஓட்டும் மேய்ச்சல் இனங்கள்: ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பார்டர் கோலி, ஹீலர் என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக். இவற்றுள் முதலாவது, பெயர் எப்படியிருந்தாலும், அமெரிக்க மேற்குப் பண்ணைகளில் உருவானது. மனிதனை விட்டு அகலாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கும் குணம் இவற்றிடம் இயல்பாகவே உண்டு. குரலுக்குக் கட்டுப்படும் பழக்கத்துக்கு அந்தக் குணமே அடித்தளம். ஆனால் அதே மரபில் ஓர் இடரும் இருக்கிறது. அசையும் விலங்கை வளைத்துத் திருப்புவதும், ஹீலரைப் பொறுத்தவரை அதன் குதிகாலைக் கடிப்பதும் இவற்றின் பிறவித் தொழில். டிராட்டில் போகும் குதிரையின் பின்னங்கால் அந்த நாய்க்கு ஓர் அழைப்பு. உதை பட்ட பிறகு பாடம் கற்றுக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. லாடம் அடித்த குளம்பின் ஒரே உதை தாடையையோ மண்டையையோ உடைத்துவிடும் என்பதால் அந்தப் பாடத்தைக் கற்க நாய் உயிருடன் இருக்குமா என்பதே ஐயம்.

வேட்டை இயல்பு மிகுந்த நாய்களைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. கிரேஹவுண்ட், சலூகி, நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். ஓட்டத்தில் இவற்றைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் புதரிலிருந்து முயலோ மானோ எழுந்துவிட்டால் உரிமையாளரின் குரல் அவற்றின் காதில் விழுவதில்லை. பீகிள் போன்ற மோப்ப நாய்களும் ஹஸ்கியும் வேறு காரணங்களுக்காக இதே வரிசையில் வருகின்றன.

குதிரைக்குத் துணை ஓடுவதற்கென்றே பெயர்பெற்ற இனம் டால்மேஷன். இங்கிலாந்தில் குதிரை வண்டிகளின் அருகே ஓடிய இந்த நாய்க்கு, அமெரிக்க டால்மேஷன் கழகம் இன்றும் சாலைத் தேர்வுகளை நடத்துகிறது, குதிரையுடன் 12.5 மைல் சென்றால் ஒரு பட்டமும், 25 மைல் சென்றால் அதைவிட உயர்ந்த பட்டமும் கிடைக்கின்றன. ஆனால் இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம். அமெரிக்க டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒரு காதிலேனும் கேட்கும் திறன் இல்லாமல் பிறக்கின்றன. இரு காதும் கேட்காத நாயை எளிதில் கண்டுகொள்ளலாம். ஒரு காது கேட்காத நாயே நம்மை ஏமாற்றுவது: கூப்பிட்டால் தலையைத் தூக்கும், ஆனால் குரல் வந்த திசை தெரியாமல் தவறான பக்கம் ஓடும். வீட்டுக்குள் இது பெரிய குறையாகத் தெரியாது. மரங்கள் அடர்ந்த மலைப்பாதையில் நாய் தொலைந்துபோக இதுவே போதும். ஆகவே டால்மேஷன் வாங்குபவர், 'பேர்' (BAER) எனப்படும் செவிச் சோதனையின் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். இரு பெற்றோரும் மெர்ல் எனப்படும் திட்டு நிறம் கொண்டவையாக இருந்து, உடல் பெரும்பாலும் வெள்ளையாகப் பிறந்த ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் குட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதற்குக் கண் குறையும் சேர்ந்து வரலாம்.

புதியவருக்கு என் பரிந்துரை குட்டியல்ல. காப்பகத்திலிருந்து எடுக்கும், இரண்டு அல்லது மூன்று வயதான கலப்பின நாய். அதன் உருவமும் குணமும் அப்போது வெளிப்பட்டிருக்கும். எலும்புகளும் வளர்ந்து முடிந்திருக்கும். நடுத்தர நாய்களில் எலும்பின் வளர்முனைகள் ஏறத்தாழ ஒரு வயதில் மூடுகின்றன, பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரை ஆகலாம். அதற்கு முன் குதிரையுடன் நெடுந்தொலைவு ஓடவிட்டால் மூட்டுகள் கெட்டுப்போகும். காப்பகத்தில் நாயைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். திறந்த முற்றத்தில் விட்டால், சுற்றிப் பார்த்த பிறகு தானாக உங்களிடம் திரும்பி வருகிறதா? பின்னால் ஏதேனும் தொப்பென்று விழுந்தால் திடுக்கிட்டாலும் விரைவில் தேறுகிறதா? வேலிக்கு அப்பால் ஓடும் பூனையையோ அணிலையோ பார்க்கும்போது, பெயர் சொல்லி அழைத்தால் ஒரு கணமாவது திரும்புகிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை 'இல்லை' என்பதானால், மற்ற இரண்டும் நன்றாக இருந்தாலும் வேறு நாயைப் பாருங்கள். தேர்ந்தெடுத்த பின் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

லாயத்தில் உள்ள நஞ்சு

நாயை முதன்முறை லாயத்துக்கு அழைத்துச் செல்வதற்கு முன் ஒரு மருந்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். குதிரைகளுக்குத் தரும் குடற்புழு நீக்கப் பசைகளில் பல, ஐவர்மெக்டின் கொண்டவை. நாய்களுக்கும் இதயப்புழுத் தடுப்பாக இதே மருந்து தரப்படுகிறது. ஆனால் நாய்க்கான அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் என்றால், குதிரைக்கான அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அரை டன் எடையுள்ள விலங்குக்கென நிரப்பிய குழாயிலிருந்து தரையில் சிந்தும் ஒரு துளிகூட நாய்க்கு மிகப்பெரிய அளவு.

மேய்ச்சல் இனங்களில் இது மேலும் கொடியது. எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு குறைபாட்டால் கோலி இன நாய்களின் மூளைக்குள் இம்மருந்து தடையின்றிப் புகுகிறது என்பதை வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட்களில் ஏறத்தாழ பாதி, இந்தக் குறைபாட்டின் ஒரு படியையேனும் சுமக்கின்றன. அத்தகைய நாய் பசையை நக்கினாலோ, மருந்து தந்த சில நாட்களுக்குள் குதிரை போட்ட சாணத்தைத் தின்றாலோ, தள்ளாட்டம், எச்சில் ஒழுகுதல், கண்பாவை விரிதல், பார்வை இழப்பு, இறுதியில் நினைவிழப்பு வரை போகலாம். சாணம் தின்னாத நாய் அரிது. எனவே மேய்ச்சல் இன நாயோ அதன் கலப்போ வைத்திருப்பவர், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பும் மரபணுச் சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது. சோதனை முடிவு எதுவானாலும், புழு மருந்து தரும் நாளிலும் அதற்குப் பின் சில நாட்களும் நாயை லாயத்துக்குள் விடக் கூடாது. லாயத்தைப் பலருடன் பகிர்பவர், மற்றவர்கள் எப்போது மருந்து தருகிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின்றித் தொடங்கும் பழக்கம்

நாய்க்குத் தேவையான கட்டளைகள் நான்கே: வா, நில், பின்னே, விடு. அழைத்தவுடன் வருவது முதலாவது. எங்கிருக்கிறதோ அங்கேயே அசையாமல் நிற்பது அல்லது படுப்பது இரண்டாவது. குதிரைக்குப் பின்னால் வந்துவிடுவது மூன்றாவது. வாயில் எடுத்ததையோ துரத்த நினைப்பதையோ கைவிடுவது நான்காவது. இவற்றைத் தமிழிலேயே பழக்குவதில் ஒரு நடைமுறை நன்மை இருக்கிறது. அமெரிக்கக் குதிரைகள் 'வோ' என்றால் நிற்கவும் 'வாக்' என்றால் நடக்கவும் பழக்கப்பட்டவை. நாய்க்கான சொற்கள் அவற்றின் ஒலியிலிருந்து விலகியிருக்க வேண்டும். 'வா' என்பது 'வோ'வுக்கும் 'வாக்'குக்கும் அருகில் ஒலிப்பதால், அதற்குப் பதிலாக 'இங்கே' என்றோ ஒரு சீழ்க்கை ஒலியையோ வைத்துக்கொள்ளலாம். சீழ்க்கை காற்றிலும் நெடுந்தொலைவு கேட்கும். அதில் சினமும் தெரியாது.

நான்கில் மிக முக்கியமானது 'நில்' என்பதே என் துணிபு. பலர் அழைத்தால் வருவதையே பெரிதாகப் பழக்குகிறார்கள். ஆனால் நாய் சாலையின் அந்தப் பக்கம் இருந்து, இடையில் வாகனம் வந்துகொண்டிருந்தால், அல்லது நாய்க்கும் உங்களுக்கும் இடையில் இன்னொருவரின் மிரண்ட குதிரை இருந்தால், அழைப்பதே கேட்டை விளைவிக்கும். தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் நாய், சொல் கேட்டதும் நின்ற இடத்திலேயே படுக்க வேண்டும். இதை இரண்டு மீட்டர் தொலைவில் தொடங்கி, நாய் பத்துக்கு ஒன்பது முறை பிழையின்றிச் செய்த பிறகே தொலைவைக் கூட்டுங்கள். பரிசை நாய் உங்களிடம் ஓடிவந்து வாங்குமாறு செய்யக் கூடாது. நீங்கள் அதனிடம் சென்று தாருங்கள், அல்லது அது படுத்திருக்கும் இடத்துக்கு எறியுங்கள். வந்து வாங்கப் பழகிய நாய், 'நில்' என்றாலும் உங்களை நோக்கி இரண்டு அடி வைத்த பிறகே நிற்கும்.

கட்டளைகள் தரையில் உறுதிப்பட்டதும், பெரும்பாலோர் தவிர்த்துவிடும் ஒரு படியைச் செய்யுங்கள். நாற்காலி, மர வேலி, குதிரை ஏறப் பயன்படும் படிமேடை ஆகியவற்றின் மேல் ஏறி நின்று, கைகளை அசைக்காமல், அதே சொற்களைச் சொல்லுங்கள். தரையில் அப்பழுக்கின்றிக் கேட்ட நாய் இப்போது குழம்பி நிற்பதைக் காண்பீர்கள். நாய்கள் நம் சொல்லைவிட உடல் சாய்வையும் கையசைவையும் பார்த்தே கற்றுக்கொள்கின்றன; அவை மறைந்தவுடன் கட்டளையும் மறைந்துபோகிறது. இந்தக் குழப்பம் தீரும் வரை குதிரையை இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

மின் அதிர்வு தரும் கழுத்துப்பட்டையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குதிரையின் அருகில் இருக்கும்போது வலியை உணரும் நாய், அந்த வலிக்குக் குதிரையே காரணம் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. அதன் பின் அது குதிரையைக் கண்டு ஒதுங்கலாம், சீறியும் விழலாம். பழகிய பயிற்றுநரின் துணையில்லாத புதியவருக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை.

குதிரையும் நாயும் அறிமுகமாதல்

இக்கட்டத்தில் இரண்டு பேர் தேவை. நாய்க்கு ஒருவர், குதிரைக்கு ஒருவர். குதிரை வயதானதாகவும் நாய்களைக் கண்டு பழகியதாகவும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. முதல் சந்திப்புகள் வேலிக்கு இரு புறமும் நடக்கட்டும். நாய் குதிரையை வெறித்துப் பார்ப்பதற்கோ குரைப்பதற்கோ பரிசு தராதீர்கள். பார்த்துவிட்டுத் தானாக உங்களை நோக்கித் திரும்பும் அந்தக் கணத்துக்குத் தாருங்கள். குதிரையைப் பொருட்படுத்தாத நாயே நமக்கு வேண்டும். இருவரும் மூக்கோடு மூக்கு உரசி நட்பாக வேண்டும் என்று ஆசைப்படத் தேவையில்லை.

குதிரையின் தரப்பிலும் ஒரு பழக்கம் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கிறது. நேர் பின்னால் ஒரு பகுதியும், நெற்றிக்கும் மூக்குக்கும் முன்னால் சிறு பகுதியும் மட்டும் அதற்குத் தெரிவதில்லை. வாலுக்கு நேர் பின்னால் சத்தமின்றி வரும் நாயை அது காண முடியாது. திடீரென்று உணர்ந்தால் உதைக்கும். நாயின் கழுத்தில் ஒரு சிறு மணியைக் கட்டினால், நாய் எங்கிருக்கிறது என்பதைக் குதிரை காதால் அறிந்துகொள்கிறது. சேணத்திலிருந்து நாய்க்குத் தின்பண்டம் எறியும்போது கையசைவும், கீழே விழும் ஒலியும் குதிரையைத் திடுக்கிடச் செய்யாதபடி, நாய் இல்லாத நேரத்தில் குதிரைக்குத் தனியே பழக்குங்கள். புதர் சலசலத்து நாய் வெளியே பாய்வதையும் குதிரை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

அடுத்து, குதிரையைக் கையில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். உதவியாளர் நாயை வாரில் பிடித்து மூன்று மீட்டர் தள்ளி வரட்டும். உதைக்கு எட்டாத தொலைவு அதுவே. நாய் எங்கே வர வேண்டும் என்பதில் சவாரிக்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அகலமான பாதையில், குதிரையின் தோளுக்கு இணையாகப் பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் விலகி வரும் நாயைக் குதிரையும் பார்க்கிறது, நீங்களும் பார்க்கிறீர்கள். ஆகவே அதுவே சிறந்த இடம் என்பேன். ஒற்றையடிப் பாதையில் அது இயலாது. அப்போது குதிரைக்குப் பின்னால் குறைந்தது ஒரு குதிரை நீளம் விட்டு வர வேண்டும். நாய் முன்னால் ஓடுவதை ஊக்குவிக்காதீர்கள். வளைவைத் தாண்டிய நாய் அங்கே எதைச் சந்திக்கிறது என்பதை நீங்கள் கடைசியாகத்தான் அறிவீர்கள்.

சேணத்தில் ஏறிய பின்

வேலியிட்ட சவாரிக் களத்தில்தான் முதல் முயற்சி. உதவியாளர் தரையில் நிற்க, நீங்கள் நடையில் மட்டும் சுற்றி வாருங்கள். நின்று, திரும்பி, மீண்டும் நடந்து, நாய் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் இடத்தைச் சரிசெய்துகொள்வதைப் பாருங்கள். பரிசைக் குதிரையின் வயிற்றுக்கு அருகில் போடாமல், பின்னாலும் விலகியும் எறியுங்கள். பரிசு எங்கே விழுகிறதோ அங்கே வரத்தான் நாய் கற்றுக்கொள்ளும். நடையில் இது சலிப்பூட்டும் அளவுக்கு எளிதான பிறகே டிராட்டுக்குப் போங்கள். மேய்ச்சல் இன நாயின் உள்ளுணர்வு விழித்துக்கொள்வது டிராட்டில்தான். நாய் தலையைத் தாழ்த்தி, குளம்புகளை உற்று நோக்கி, வளைந்து ஓடத் தொடங்கினால் உடனே குதிரையை நிறுத்திவிடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டம் முடிந்துவிடும், இடத்தில் இருந்தால் ஓட்டம் தொடரும் என்பதை அது விரைவில் புரிந்துகொள்கிறது.

வாரைச் சேணத்தின் கொம்பிலோ, மணிக்கட்டிலோ, இடுப்பிலோ கட்டுவதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள். நாய் குதிரையின் மறுபக்கம் போனால் வார் அதன் கால்களில் சுற்றும். வாலுக்கடியில் வார் சிக்கினால் சாதுவான குதிரையும் துள்ளும். தரையில் இழுபடும் நீண்ட கயிறும் கூடாது, அதைக் குதிரை மிதித்தால் நாயின் கழுத்து முறியும். வாரைச் சேணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் இடத்தில் இறங்கி, குதிரையையும் நாயையும் நடத்திச் செல்லுங்கள்.

முதல் காட்டுப் பாதை நீங்கள் நன்கறிந்த, மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மிகாத பாதையாக இருக்கட்டும். வேலை நாளின் காலைப் பொழுது, கூட்டமில்லாத நேரம், அமைதியான குதிரையில் ஒரு துணைச் சவாரிக்காரர். குழுவாகப் போகும்போது மற்றவர்களின் குதிரைகள் நாயை ஏற்குமா என்று புறப்படும் முன்பே கேட்க வேண்டும். வாலில் சிவப்பு நாடா கட்டிய குதிரை உதைக்கும் குதிரை. நாய் அதன் அருகே போகக் கூடாது. பாதையில் நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது மரபுதான், ஆனாலும் அந்த உரிமை நாய்க்கு நீளாது. எதிரே யாரைக் கண்டாலும் நாயைப் 'பின்னே' அழைத்துக்கொள்ளுங்கள். எதிரே வருவது அறியாத குதிரை என்றால், பாதையை விட்டு ஒதுங்கி நாயைப் படுக்க வைத்து, அது கடந்து செல்லும் வரை காத்திருங்கள்.

வெயிலும் காட்டின் பிற இடர்களும்

குதிரை உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கோ பாதங்களில் மட்டும் சிறிது வியர்வை, மற்றபடி மூச்சிரைப்பே அதன் குளிர்சாதனம். எனவே குதிரையும் நீங்களும் சுகமாக இருக்கும் வெயிலில் நாய் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருக்கலாம். அது தானாக நிற்காது. குதிரையை விட்டுப் பின்தங்கக் கூடாது என்ற ஆவலில் விழும் வரை ஓடும் நாய்கள் உண்டு. நாக்கு அகன்று தட்டையாகத் தொங்குவது, நிழலை நாடி விலகுவது, அழைத்தால் மெதுவாகத் திரும்புவது ஆகியவை முதல் அறிகுறிகள். தள்ளாட்டமோ வாந்தியோ தொடங்கினால் அது உயிராபத்து. அப்போது முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஓடையோ, இருக்கும் தண்ணீரோ, உடல் முழுவதும் ஊற்றி நனைத்துக் காற்றுப் பட வைப்பது வழி. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தொட்டால் உறுப்புகள் கெடத் தொடங்கும். மடித்து வைக்கும் கிண்ணமும் நாய்க்கென்று தனித் தண்ணீரும் சேணப்பையில் எப்போதும் இருக்கட்டும். ஓடையில்லாத பாதையைக் கோடையில் தேர்ந்தெடுக்காதீர்கள். நீல-பச்சைப் பாசி படர்ந்த தேங்குநீரை நாய் குடிக்க விடக் கூடாது. அது சில மணி நேரத்தில் கொல்லக்கூடிய நஞ்சு.

கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களில் கோடைக்காலத்தின் தனித் தொல்லை, ஃபாக்ஸ்டெயில் எனப்படும் நரிவால் புல்லின் காய்ந்த கதிர். அதன் முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் தோலுக்குள் புகுந்தால் முன்னேற மட்டுமே செய்யும், வெளியே வராது. விரலிடுக்கு, காது, மூக்கு ஆகியவை அதன் வாயில்கள். நாய் திடீரென்று விடாமல் தும்மினாலோ தலையைச் சாய்த்தே வைத்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராட்டில்ஸ்னேக் பாம்பு நாயைப் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ கடிக்கிறது, ஏனெனில் நாய் மூக்கை நீட்டித்தான் எதையும் ஆராயும். கடிபட்ட நாயை ஓடவிடாமல் இயன்ற அளவு சுமந்து செல்ல வேண்டும். 25 கிலோ நாயைச் சேணத்தின் குறுக்கே வைத்துக் கொண்டுவர உங்கள் குதிரை சம்மதிக்குமா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. கரடியைக் கண்டு துரத்திய நாய், அது திரும்பித் துரத்தும்போது நேராக உங்களிடமே ஓடிவரும்; மூஸ் மானோ நாயை ஓநாயாகவே கருதித் தாக்கும். இலையுதிர்காலத்தில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் மாநிலங்களில் நாய்க்கு ஒளிரும் ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம் போடுங்கள். குளிர்காலத்தில் மொன்டானா, ஐடஹோ போன்ற மாநிலங்களின் பொது நிலங்களில் விலங்குப் பொறிகள் வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. நியூ மெக்சிகோவில், கண்ணிக் கயிற்றில் சிக்கி இறந்த ஒரு நாயின் பெயரால் 2021இல் இயற்றப்பட்ட சட்டம் பொது நிலங்களில் அவற்றைத் தடை செய்தது. பொறியைத் திறக்கும் முறையை முன்பே கற்றுக்கொண்டு, தடித்த கம்பியை வெட்டும் கத்தரி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மைக்ரோசிப்பும், தொலைபேசி எண் பொறித்த தகடும் எல்லாக் காலத்துக்கும் உரியவை.

திரும்பி வந்ததும்

வாகனத்தில் நாய்க்குத் தனி இடம் வேண்டும். குதிரை ஏற்றும் டிரெய்லருக்குள் குதிரையுடன் நாயை ஏற்றக் கூடாது. டிரெய்லரில் கட்டிய குதிரையின் கால்களுக்கருகே நாயைக் கட்டி வைப்பதும் தவறு. சேணத்தைக் கழற்றிக் குதிரையைக் கவனித்த கையோடு நாயின் பாத அடித்தோலையும், விரலிடுக்குகளையும், காதுகளையும், அக்குள், தொடையிடுக்குப் பகுதிகளில் உண்ணி இருக்கிறதா என்பதையும் தடவிப் பாருங்கள். மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் பாய்சன் ஓக் செடியின் எண்ணெய் நாயின் மயிரில் ஒட்டி வரும். நாய்க்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் நேராது, தடவிக்கொடுக்கும் உங்களுக்கே கொப்புளம் எழும். ஐயமிருந்தால் கையுறை அணிந்து குளிப்பாட்டுங்கள்.

ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே பெரிய உணவைச் சவாரிக்குச் சற்று முன்போ முடிந்த உடனேயோ தராமல், மூச்சு முழுவதும் அடங்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு தாருங்கள். மறுநாள் காலையில் நாய் எழும் விதத்தைக் கவனியுங்கள். விறைப்பாக எழுந்து சில அடிகளில் சரியாகிவிட்டால், அடுத்த சவாரியின் தொலைவைப் பாதியாகக் குறைத்து, அங்கிருந்து வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் கூட்டிச் செல்லுங்கள். நொண்டினால், அது முழுவதும் நீங்கி மேலும் சில நாட்கள் கழியும் வரை, குதிரையுடன் நீங்கள் மட்டும் புறப்படுங்கள்.